ஓம்

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று கதிரை,
இந்தப் பக்கம் ஒன்று.
நான் திரும்பிப் போய்
முத்திரை விற்கிற யன்னலுக்குப் பின்னாலிருந்த
என்னுடைய கால் ஆடுகிற ஸ்டூலை
இழுத்துக்கொண்டு வந்தேன்.
சீமெந்து நிலத்தில் அது போட்ட சத்தத்துக்கு
விசாரணை அதிகாரி நிமிர்ந்தார்.
"நீங்கள் ஆர்?"

சங்கத்தின் கிளைச் செயலாளர் என்றேன்.
கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.
பின்பக்கம் வெறுமை; அதையும் பார்த்தார்.
"இருக்கலாம். கதைக்கேலாது."

யேசுரட்ணம் அண்ணை
சீருடையை மினுக்கிப் போட்டு வந்திருந்தார்.
இருபத்தாறு வருசம்
நாவாந்துறை ஒழுங்கைகளில் சைக்கிள் உழக்கிய கால்கள்
மேசைக்குக் கீழே நடுங்கின.
என் ஸ்டூல் பதிவு என்றபடியால்
எனக்கு மட்டும் தெரிந்தது.

மூன்று பதிவுத் தபால்.
ஒன்பது நாள் சுணக்கம்.
ஒரு கையெழுத்து
அந்த வீட்டு ஆளுடையது இல்லையாம்.

அவர் செய்தாரா இல்லையா எனக்குத் தெரியாது.
அதைத் தீர்க்க நான் அங்கே போகவில்லை.

"ஐந்தாம் திகதி தபால் உம்மட்டைத் தரப்பட்டது."
"ஓம்."
"நீர் அதைக் கொண்டுபோய்க் குடுக்கேல்லை."
"ஓம்…"
"கையெழுத்தை நீரே வைச்சிருக்கிறீர்."
"ஓம், ஐயா…"

கவுண்டரில் இருப்பவர்களுக்கு
எழுத்தைத் தலைகீழாய் வாசிக்க வரும்.
சனம் நீட்டுகிற படிவமெல்லாம்
எங்களுக்குத் தலைகீழ்தானே.
எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் தாளில்
மூன்று வரியும் ஒரே மாதிரி முடிந்தது:
ஒத்துக்கொள்கிறேன்.
ஒத்துக்கொள்கிறேன்.
ஒத்துக்கொள்கிறேன்.

எங்களிடம் எத்தனை ஓம் இருக்கிறது.
மழை வரும்போல கிடக்கு என்கிற அயலட்டைக்கு ஓம்.
வாற மாதம் தாறன் என்கிற கடன்காரிக்கு,
நம்பாமலே, ஓம்.
கேட்கிறன், மேலே சொல்லுங்கோ என்பதற்கு ஓம்.
சென்றியில் அடையாள அட்டையை நீட்டி
விளங்காத கேள்விக்குச் சொன்ன ஓம்,
அதைச் சொல்லித்தான்
அந்த நாட்களில் உயிரோடு வீடு வந்தோம்.
பயத்துக்கு எங்கள் ஊரில்
இதைவிடச் சின்னச் சொல் இல்லை.

"ஐயா, மூன்றாம் கேள்வியைத் திருப்பி வாசிக்க வேணும்."
"கதைக்கேலாதெண்டு சொன்னனான்."
"நான் கதைக்கேல்லை. வாசிக்கத்தான் கேக்கிறன்."

அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது.
வீட்டிலிருந்தாக்கும்.
"ஓம்… ஓம்… ஓம் ஓம்… ஓமப்பா."

பிள்ளையின் பேனை தாளுக்கு மேலே நின்றது.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
தேவைக்கு மேலே துடைத்தார்.
"வெட்டும்," என்றார் பிள்ளையிடம்,
"மூண்டையும்."
வெட்டிய இடங்களில் ஒப்பம் வைத்தார்.
இந்த முறை கேள்வி கேள்வியாக வந்தது.
"கையெழுத்தை நீர் வைச்சனீரோ?"

நீண்ட நேரம்.
"அந்த அம்மாவுக்குக் கை நடுங்கும், ஐயா.
பேனையை நான் பிடிச்சுக் குடுத்தனான்.
அவவின்ர விரலும் அதிலை இருந்தது."

விதிப்படி அதுவும் பிழைதான்.
ஆனால் வேறு பிழை.
அவர் வாயால் வந்த, அவருடைய அளவான பிழை.
ஒன்பது நாளுக்கு
அவரிடம் மறுமொழி இருக்கவில்லை.
என்னிடமும் இல்லை.
"சொல்ல ஒண்டும் இல்லை" என்று
அதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

வெளியே பண்ணைக் காற்று உப்பாய் அடித்தது.
பிளேன் ரீ வாங்கித் தந்தார், குடிக்கவில்லை அவர்.
"நாலு மாதச் சந்தா நிலுவை, தங்கச்சி,"
என்று சட்டைப்பையைத் தடவினார்.
பிறகு தாருங்கோ என்றேன்.
"இனி என்ன நடக்கும்?"
"தெரியாது, அண்ணை. கடிதம் வரும்."
"பதிவுத் தபாலிலையோ?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது,
அவருக்குக் கொஞ்சம் பிந்தி.

யன்னலுக்குத் திரும்பியபோது வரிசை நீண்டிருந்தது.
ஸ்டூலை அந்த அறைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.
எடுக்கப் போகவில்லை.
நாலு மணி மட்டும்
நின்றபடியே முத்திரை விற்றேன்.